ராணிக்குப் பக்கத்தில் உட்காரும் பெண்

அமெரிக்க ஹைஸ்கூல் படங்களில் தவறாமல் ஒரு பெண்கள் கூட்டம் வரும். மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். பள்ளி நடைபாதையில் வரிசையாக நடந்து வருவார்கள், மற்றவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், காட்சி ஸ்லோமோஷனுக்குப் போகும். நம் கண் நடுவில் வருபவள் மேல்தான் விழும். கேமரா வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் அதிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் அவளுக்குப் பக்கத்தில் நடப்பவளைக் கவனிக்க வேண்டும். சட்டதிட்டங்களை ஒப்பிப்பது அவள், ரகசியங்களைச் சேர்த்துவைப்பது அவள், கள்ள வேலைகளைச் செய்து முடிப்பது அவள். ராணியை ஒரு நாள் மேஜையை விட்டு விரட்டுவதும் பெரும்பாலும் அவள்தான்.

இந்த வகைப் படங்களில் நல்லதையும் மோசமானதையும் பிரிக்க எனக்கு இதுவரை கிடைத்ததில் சிறந்த அளவுகோல் இந்த இரண்டாவது பெண். அவளுக்கென்று ஒரு பயம், ஒரு ஆசை, ஒரு கணக்கு இருக்கும் படம் உருப்படியாக இருக்கும். அவள் வெறுமனே பின்னால் நின்று சிரிக்கும் படத்தில் ராணியும் அட்டைப் பொம்மையாகத்தான் இருப்பாள்.

அவளிடம் போவதற்கு முன் அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் படங்களில் ஏன் எல்லாமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது என்று நம் ஊரில் படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்காது. நம் பள்ளிகளில் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பறையில் இருப்பார்கள், மணி அடித்தால் ஆசிரியர்தான் மாறுவார். அங்கே தலைகீழ். 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்பு மாணவர்களும் ஒவ்வொரு பீரியடுக்கும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறை மாறுகிறார்கள். கணக்கு வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் வரலாற்று வகுப்பில் இருக்க மாட்டாள். 'எங்க செக்‌ஷன்' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடையும் கிடையாது. யார் பக்கத்தில் உட்காருவது என்பதை மாணவர்கள் தாங்களே முடிவு செய்யும் நேரம், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி முடிவு செய்யும் நேரம், அந்த மதிய உணவு வேளை ஒன்றுதான். அதனால் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்கும் புதுப்பெண்ணின் காட்சி எத்தனை படத்தில் வந்தாலும் பொய்யாகத் தெரிவதில்லை.

சினிமாவுக்கு முன்பே சமூகவியல் இதைக் கவனித்துவிட்டது. ஜேம்ஸ் கோல்மன் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 10 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1961-இல் 'தி அடாலசென்ட் சொசைட்டி' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பையன்களுக்கு மதிப்பைத் தந்தது விளையாட்டு. பெண்களுக்குத் தந்தது தோற்றமும் உடையும், செல்வாக்கான கூட்டத்தில் இடம் கிடைப்பதும். படிப்பு இருவருக்குமே அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. இதே இல்லினாய்ஸின் சிகாகோ புறநகர்தான் பின்னாளில் இந்தப் படங்களின் தாய்வீடு ஆனது. இந்த வகைப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஜான் ஹியூஸ் அங்கே நார்த்புரூக்கில் பள்ளி முடித்தவர். அவருடைய 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985) படமாக்கப்பட்டதும் சிகாகோ பக்கத்தில், 1981-இல் மூடப்பட்டிருந்த மெயின் நார்த் பள்ளிக் கட்டடத்தில். நாம் பார்க்கும் அந்த நூலகம் அந்தப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போட்ட செட். 'மீன் கேர்ள்ஸ்' (2004) எடுத்தது டொரண்டோவில் என்றாலும் கதை நடப்பது இல்லினாய்ஸின் எவன்ஸ்டனில்.

'மீன் கேர்ள்ஸ்' படத்தில், ராணியின் கூட்டத்துக்கு வெளியே இருக்கும் ஜானிஸ், புதுப்பெண் கேடிக்கு உணவுக்கூடத்தின் வரைபடம் ஒன்றைப் போட்டுத் தருவாள். எந்த மேஜை யாருக்கு என்று. அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் செய்கிற காரியத்தை வைத்துப் பிரிக்கப்பட்டிருப்பார்கள்: விளையாட்டு வீரர்கள், பேண்டு வாசிப்பவர்கள், எதையும் கண்டுகொள்ளாதவர்கள், சோகத்தில் சாப்பிட்டுத் தள்ளும் பெண்கள், எதுவுமே சாப்பிடாத பெண்கள். கறுப்பினப் பெண்களும் ஆசியப் பிள்ளைகளும் வரும்போது இனம்தான் முதல் அடையாளம். ஆசியர்களுக்கு 'படிப்பாளி', 'ஸ்டைலானவர்' என்று இரண்டு மேஜை கிடைக்கிறது, கறுப்பினப் பெண்களுக்கு ஒன்றுதான். படம் ஒரே மாதிரியான முத்திரைகளைக் கிண்டல் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் இந்த மேஜைகளுக்குக் கேமரா திரும்பப் போகும்போதும் அங்கிருப்பவர்களுக்கு அந்த முத்திரையைத் தாண்டி ஒன்றும் கிடைப்பதில்லை. இந்தக் குறையைச் சொல்லாமல் அந்தப் படத்தைப் புகழக் கூடாது என்று நினைக்கிறேன்.

புகழவும் நிறைய இருக்கிறது. ரோசலிண்ட் வைஸ்மன் 2002-இல் பதின்வயதுப் பெண்களின் பெற்றோருக்காக எழுதிய 'குயின் பீஸ் அண்ட் வானபீஸ்' என்ற புத்தகம்தான் படத்துக்கு மூலம். அதில் கதையே கிடையாது. ஒரு பெண்கள் கூட்டத்துக்குள் யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துச் சொல்லும் புத்தகம் அது. ராணித் தேனீ, அவளுடைய வலதுகை, மற்றவர்களைப் பற்றிய தகவலைச் சேமித்துவைத்துச் சமயம் பார்த்துச் செலவழிக்கும் 'பேங்கர்', தூது போகிறவள், எல்லோரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பவள், நடப்பது தப்பு என்று தெரிந்தும் வாய் திறக்காதவள், அடி வாங்குகிறவள், எந்தக் கூட்டத்திலும் ஒட்டாமல் எல்லாக் கூட்டத்திலும் உலவுகிறவள். டீனா ஃபே இந்தப் பட்டியலிலிருந்து திரைக்கதை செய்தார். அதனால்தான் படத்தில் கூட்டத்துக்குள் இருக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை இருக்கிறது.

ராணி ரெஜினா, இரண்டாவது பெண் கிரெட்சன் வீனர்ஸ், மூன்றாவது கேரன். வைஸ்மனின் வகைப்படி கிரெட்சன் வலதுகை, பேங்கர் இரண்டும். அவள் தலைமுடி ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது தெரியுமா, உள்ளே முழுக்க ரகசியம் என்று ஜானிஸின் நண்பன் டேமியன் சொல்வான். கேடி அந்த மேஜையில் உட்காரத் தொடங்கும்போது விதிகளை விளக்குவது ரெஜினா இல்லை. புதன்கிழமை பிங்க் என்று கேரன் எடுத்துக்கொடுக்கிறாள், மீதியை கிரெட்சன் அடுக்குகிறாள். கை இல்லாத டேங்க் டாப்பைத் தொடர்ந்து இரண்டு நாள் போடக் கூடாது, குதிரைவால் கொண்டை வாரத்துக்கு ஒரு முறைதான், ஜீன்ஸோ டிராக் பேன்ட்டோ வெள்ளிக்கிழமை மட்டும், வெளியாள் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவதானால் முதலில் ஓட்டெடுப்பு. மீறினால் அன்றைக்கு அந்த மேஜையில் இடமில்லை.

இந்த விதிகளைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒன்று புரியும். எதுவும் கஷ்டமானது இல்லை. காசு பெரிதாகச் செலவாகாது, உடம்பு வருந்தாது. காலையில் அலமாரி முன் நிற்கும்போது அந்தக் கூட்டத்தை ஒரு நிமிடம் நினைத்தாக வேண்டும், அவ்வளவுதான். விதியின் வேலையே அந்த ஒரு நிமிடத்தைப் பிடுங்குவதுதான். அதை நினைவில் வைத்து மற்றவர்களைத் தணிக்கை செய்யும் வேலையை ராணி செய்வதில்லை. செய்தால் அவள் மதிப்பு இறங்கிவிடும்.

கிரெட்சனுக்கு இதில் என்ன கிடைக்கிறது? ஒன்றுமில்லை என்பதைப் படம் காதணி விஷயத்தில் காட்டிவிடுகிறது. பெரிய வளையக் காதணி தனக்கு மட்டும்தான், கிரெட்சன் போடக் கூடாது என்று ரெஜினா சொல்லியிருக்கிறாள். பிற்பாடு யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கு கிரெட்சனின் அப்பா அம்மா விலை உயர்ந்த வெள்ளைத் தங்க வளையங்களைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர்களிடம் நடிக்க வேண்டியதாகிவிட்டது என்கிறாள் அவள். வீட்டுக்குள், பெற்றோர் முன்னால்கூட, ரெஜினாவின் விதி நிற்கிறது. ரெஜினா பஸ்ஸில் அடிபடும் காட்சியை விட இந்த இரண்டு வரி வசனத்துக்குக் கனம் அதிகம்.

கேடியும் ஜானிஸும் ரெஜினாவை வீழ்த்தத் திட்டம் போடும்போது உடைக்க வேண்டிய கல் எது என்று சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருவருக்கொருவர் மிட்டாய்க் குச்சியோடு வாழ்த்து அனுப்பும் வழக்கம் அந்தப் பள்ளியில் உண்டு. ரெஜினா அனுப்பியதுபோல ஒன்றைக் கேடி தனக்குத்தானே அனுப்பிக்கொள்கிறாள். டேமியன் வகுப்பில் வந்து எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கொடுக்கிறான். ஒரு பையனுக்கு நாலு. கிரெட்சனுக்கு ஒன்றுகூட இல்லை. அவ்வளவுதான் செய்தது. கிரெட்சன் உள்ளுக்குள் நொறுங்க ஆரம்பிக்கிறாள். ஆங்கில வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரைப் பற்றிப் பேச எழுந்தவள், சீசர் மட்டும் ஏன் பூதம் மாதிரி எல்லோரையும் மிதித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று கத்தும் அளவுக்குப் போகிறாள். ரெஜினாவின் காதல் துரோகம் வெளியே வருவது அவள் வாயிலிருந்துதான்.

அதன் பிறகு ஒரு திங்கட்கிழமை ரெஜினா டிராக் பேன்ட்டில் வருகிறாள். எடை குறையும் என்று ஏமாற்றிக் கேடி கொடுத்த சத்துப் பார்களால் எடை கூடி, வேறு எதுவும் அவளுக்கு ஏறவில்லை. இன்று திங்கள் என்று மேஜையில் இருப்பவர்கள் நினைவுபடுத்துகிறார்கள். அந்த விதியெல்லாம் நிஜம் இல்லை என்று ரெஜினா சொல்லிப் பார்க்கிறாள். நான் வெஸ்ட் போட்டு வந்த அன்றைக்கு மட்டும் நிஜமாக இருந்ததே என்று கேரன் திருப்பிக் கேட்கிறாள். எங்களோடு உட்கார முடியாது என்று கத்துவது கிரெட்சன். தான் காவல் காத்த விதியைக் கொண்டே தன் ராணியை வெளியே தள்ளுகிறாள். எழுத்தில் இது அபாரமான இடம். ஆனால் ரெஜினாவின் வீழ்ச்சிக்கு உடல் எடையைக் கருவியாக எடுத்ததில் படம் தான் எதிர்க்கும் அளவுகோலையே தானும் கையில் எடுத்துவிட்டது. குண்டாவது தண்டனை என்ற எண்ணத்தை அது கேள்வி கேட்கவில்லை, அதை வைத்துச் சிரிக்க வைத்தது.

கடைசிக் காட்சிகளில் ரெஜினா லக்ரோஸ் ஆடப் போகிறாள், கேரன் வானிலை சொல்கிறாள். கிரெட்சன்? வேறு மேஜை ஒன்றில், ஆசியப் பெண்களின் கூட்டத்தில், புதிய ராணி ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். கேடி நடன விழாவில் கிரீடத்தை உடைத்துப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டதால் பள்ளி திருந்திவிட்டது என்று படம் மேல்வரியில் சொல்கிறது. கிரெட்சனைப் பார்த்தால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷத்துக் குட்டிக் கூட்டம் ஒன்று நடந்து வருவதையும் படமே காட்டிவிடுகிறது.

இதே விஷயத்தை 'ஹெதர்ஸ்' இன்னும் கொடூரமாகவும் தெளிவாகவும் சொன்னது. 1989-இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம், மைக்கேல் லேமன் இயக்கம், எழுதியது டேனியல் வாட்டர்ஸ். 'மீன் கேர்ள்ஸ்' இயக்குநர் மார்க் வாட்டர்ஸ் இவருடைய தம்பி. ஒஹாயோவின் ஒரு கற்பனை ஊரில், ஒரே பெயர் கொண்ட மூன்று ஹெதர்கள், கூடவே வெரோனிகா. ஆளுக்கு ஒரு நிறம்: ராணியான ஹெதர் சாண்ட்லருக்குச் சிவப்பு, டியூக்குக்குப் பச்சை, மெக்னமாராவுக்கு மஞ்சள், வெரோனிகாவுக்கு நீலம். உடை, மைதானத்தில் அடிக்கும் குரோக்கே பந்து, எல்லாம் அந்த நிறத்தில். சாண்ட்லரின் தலையில் ஒரு சிவப்பு ஸ்க்ரன்ச்சி, அதாவது துணி சுற்றிய எலாஸ்டிக் முடிப்பட்டை.

ஆரம்பத்தில் ஒரு காட்சி. உணவுக்கூடத்தில் மார்த்தா என்ற பருமனான பெண்ணை அவமானப்படுத்த வேண்டும் என்று சாண்ட்லர் முடிவு செய்கிறாள். ஒரு பையன் எழுதியதுபோலக் காதல் கடிதம். கையெழுத்தைப் போலி செய்யும் திறமை வெரோனிகாவுக்கு. எழுத மேஜை வேண்டாமா? ஹெதர் டியூக்கைக் குனியச் சொல்கிறாள் சாண்ட்லர். டியூக் குனிகிறாள், அவள் முதுகில் தாளை வைத்து வெரோனிகா எழுதுகிறாள். தட்டில் கடிதம் போய்ச் சேர்கிறது. சில விநாடி ஓடும் இந்தக் காட்சிக்குள் முழு ஏணியும் இருக்கிறது: உத்தரவு போடும் ஒருத்தி, திறமையை விற்கும் ஒருத்தி, முதுகைக் கொடுக்கும் ஒருத்தி, ஒன்றும் தெரியாமல் தட்டோடு வரும் ஒருத்தி.

சாண்ட்லர் செத்த பிறகு அந்தச் சிவப்பு முடிப்பட்டை டியூக்கிடம் போகிறது. பச்சையில் இருந்தவள் படிப்படியாகச் சிவப்புக்கு மாறுகிறாள், சாண்ட்லரின் குரலையும் எடுத்துக்கொள்கிறாள். முதுகு கொடுத்தவளிடம் நாற்காலி கிடைத்தால் அவள் நல்லவளாக மாறுவாள் என்று நாம் எதிர்பார்ப்போம். வாட்டர்ஸ் அந்த ஆறுதலைத் தரவில்லை. நாற்காலியின் வடிவம் உட்காருபவளை வளைக்கிறது. கடைசியில் வெரோனிகா அதே முடிப்பட்டையை டியூக்கிடமிருந்து எடுத்துத் தன் தலையில் கட்டிக்கொண்டுதான் மார்த்தாவைப் போய்ப் பார்க்கிறாள், ப்ராம் என்னும் பள்ளி நடன விழா இரவில் சேர்ந்து படம் பார்க்கலாமா என்று கேட்கிறாள். நல்ல காரியத்தைச் செய்யவும் அவளுக்கு அந்தச் சிவப்புத் துணி தேவைப்படுகிறது.

இன்னும் பின்னால் போனால் பிரையன் டி பால்மாவின் 'கேரி' (1976). ப்ராம் ராணித் தேர்தலில், எல்லோரும் கேலி செய்யும் கேரி ஜெயிக்க வேண்டும், அப்போதுதான் மேடைக்கு வருவாள், அப்போதுதான் தலையில் பன்றி ரத்தம் கொட்ட முடியும். திட்டம் கேரியை வெறுக்கும் கிறிஸ்ஸுடையது. ஆனால் வாக்குச் சீட்டுகளை மாற்றிவைப்பது சிவப்புத் தொப்பி போட்ட நார்மா. அவளுக்குக் கேரியோடு தனிப்பட்ட பகை ஒன்றும் கிடையாது.

நிஜப் பள்ளிகளில் ராணியின் மதிப்பு ஏறிப் பிறகு இறங்குவது எப்படி என்று டோனா ஈடர் 1985-இல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. நடுநிலைப் பள்ளிப் பெண்களைக் கூடவே இருந்து கவனித்து எழுதியது. சியர்லீடர், அதாவது போட்டிகளில் பள்ளி அணியை ஆடிப் பாடி உற்சாகப்படுத்துபவள், ஆனதும் ஒரு பெண் எல்லோர் கண்ணிலும் படுகிறாள். அவளோடு பழகினால் நமக்கும் மதிப்பு வரும் என்று பலர் நெருங்குகிறார்கள். அத்தனை பேரோடும் அவளால் சிநேகம் வைத்துக்கொள்ள முடியாது. பதிலுக்குச் சிரிக்காதவள் 'திமிர் பிடித்தவள்' ஆகிறாள், விரும்பப்பட்டவள் வெறுக்கப்பட்டவள் ஆகிறாள். இங்கே வில்லி யாருமே இல்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்கர்ஸ்ட், ஹாப்மேயர் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இதை ஒட்டியதுதான்: 'இவள் பாப்புலர்' என்று சக மாணவர்கள் பெயர் சொன்ன பலர், 'இவளை எனக்குப் பிடிக்கும்' என்று அவர்கள் சொன்ன பட்டியலில் இல்லை. சினிமா இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டு, கடைசியில் ராணியை எல்லோரும் உள்ளுக்குள் வெறுத்தார்கள் என்பதைப் பெரிய ரகசியம்போல அவிழ்க்கும்.

அடுத்தது தொலைபேசி. ரெஜினா கேடிக்கு போன் செய்கிறாள். கேடி மேல் அக்கறையாகப் பேசி, உன் ரகசியத்தை கிரெட்சன் என்னிடம் சொல்லிவிட்டாளே, உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்கிறாள். கோபமில்லை, எல்லோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை, அவ்வளவுதான் என்கிறாள் கேடி. அப்போதுதான் தெரிகிறது, கிரெட்சன் மூன்றாவது இணைப்பில் சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ரெஜினா குரலைக்கூட உயர்த்தாமல் இரண்டு பேரைப் பிரித்துவிட்டாள். அடிதடி இல்லாமல் உறவை வைத்தே ஆளைக் காயப்படுத்தும் இந்த வகைக்கு கிரிக், குரோட்பீட்டர் இருவரும் 1995-இல் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு முக்கியமானது. பெண்கள் சண்டை போடுவதில்லை என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்தது. இன்றைக்கு எடுத்தால் அந்தக் காட்சிக்கு மூன்றாவது இணைப்பு தேவையில்லை, ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். ஆனால் படமாக எடுத்தால் ஸ்க்ரீன்ஷாட் தோற்றுப்போகும், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்தவளின் மூச்சு அதில் இல்லை.

மேக்கோவர், அதாவது ஒரு பெண்ணின் தோற்றத்தையே மாற்றிவிடும் காட்சி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரும்பாலும் ஒரே செய்முறை. கண்ணாடியைக் கழற்று, புருவத்தைத் திருத்து, முடியை அவிழ்த்துவிடு, தொளதொள சட்டையை எடுத்துவிட்டு உடம்போடு ஒட்டிய உடையைப் போடு, மாடிப்படியில் இறக்கு. 'ஷீ'ஸ் ஆல் தட்' (1999) இதன் உச்சம், சிவப்பு உடையில் படி இறங்குவது உட்பட. அந்தப் பெண் முதலிலேயே அழகுதான். மாறுவது வெளிச்சமும் கோணமும். முன்பு தட்டையான வெளிச்சத்தில், மற்றவர்கள் மறைக்கும்படி நிற்பாள். பின்பு முடியின் ஓரத்தில் பின்னாலிருந்து விளக்கு விழும், கேமரா தாழ்ந்து அவளை நிமிர்ந்து பார்க்கும், பையனின் முகத்துக்கு ஒரு க்ளோஸ்-அப் போகும். அழகு ஏறியதா என்று நமக்குச் சொல்வது அந்தப் பையன் முகம்தான். 'பிரேக்ஃபாஸ்ட் கிளப்'பில் எனக்கு ஆறாத இடம் இதுவே. கறுப்பு உடையும் அடர்ந்த கண்மையுமாக, யாரைப் போலவும் இல்லாமல் இருந்த ஆலிசனை, கிளேர் முகம் துடைத்துத் தலையை வாரிவிட்டு எல்லோரையும் போல ஆக்கிவிடுகிறாள். அப்போதுதான் ஆண்ட்ரூ அவளைத் திரும்பிப் பார்க்கிறான்.

மேக்கோவரைப் புத்திசாலித்தனமாகக் கையாண்டது ஏமி ஹெக்கர்லிங்கின் 'க்ளூலெஸ்' (1995). ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வை பெவர்லி ஹில்ஸுக்குக் கொண்டுவந்த படம். பணக்காரப் பெண் ஷேர், புதிதாக வந்த டை என்ற பெண்ணைத் தன் கைப்பட மாற்றி மேலே ஏற்றிவிடுகிறாள். ஒரு நாள் மாலில் சில பையன்கள் டையைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தொங்கவிட்டு விளையாடிவிட, அந்தக் கதையைக் கேட்கப் பள்ளியே டையைச் சுற்றி உட்காருகிறது. ஷேருக்கு ஓரத்தில்தான் இடம். மேக்கோவர் செய்தவளே தான் செய்ததால் இடம் இழக்கிறாள். ஆஸ்டின் 1815-இல் வெளியிட்ட நாவலின் கணக்கு 180 வருடம் கழித்தும் தப்பவில்லை.

நடிகைகளின் வயதையும் கவனத்தில் வையுங்கள். 'கிரீஸ்' படப்பிடிப்பின்போது, அதில் பள்ளிப் பெண்ணாக நடித்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு 33. ரெஜினாவாக நடித்த ரேச்சல் மெக்காடம்ஸுக்குப் படம் வெளியானபோது 25, அவளுடைய அம்மாவாக வந்த ஏமி போலர் அவரை விட ஏழே வயது மூத்தவர். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வைத்து எடுத்தால் வேலை நேரத்துக்கு வரம்பு, படப்பிடிப்புத் தளத்திலேயே பாடம் என்று சட்டம் கறாராக இருக்கும். அதனால் தயாரிப்பாளர்கள் பெரியவர்களைத் தேடுகிறார்கள். விளைவு, பார்க்கும் 15 வயதுப் பெண் தன் முகப்பருவை 25 வயது முகத்தோடு ஒப்பிடுகிறாள். போ பர்னமின் 'எய்ட்த் கிரேட்' (2018) இதை உடைத்தது. நாயகி கேலாவாக எல்சி ஃபிஷர் நடிக்கும்போது அந்த வயதில்தான் இருந்தார், பருவை மறைக்கவில்லை. அதில் ராணி இடத்தில் வரும் கென்னடி, கேலாவைத் திட்டுவதில்லை, சதி செய்வதில்லை. அம்மா சொன்னதால் நீச்சல் குளப் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டுவிட்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கிறாள். வில்லி இல்லாத ஏணி. இந்த வகையில் இதைவிட நேர்மையான படம் எனக்குத் தெரியவில்லை.

நிறத்தின் பக்கம் வந்தால் 'ப்ரிங் இட் ஆன்' (2000) ஒரு படி முன்னால் நின்றது. சான் டியேகோவின் வசதியான பள்ளிச் சியர்லீடர் அணி ஜெயித்துக்கொண்டிருப்பதே ஈஸ்ட் காம்ப்டன் கறுப்பினப் பெண்களிடமிருந்து திருடிய ஆட்டங்களால். தேசியப் போட்டிக்குப் போகக் காசு தருகிறேன் என்று வெள்ளைக்கார நாயகி நீட்டும் காசோலையைக் காப்ரியல் யூனியன் நடித்த ஐசிஸ் கிழித்துப் போடுகிறாள். கடைசியில் ஜெயிப்பது அவள் அணி. ஆனாலும் கதையை நாம் பார்ப்பது தோற்ற அணியின் கண் வழியாகத்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் நேரடியான சங்கதி ஒன்று உண்டு. படம் இல்லை, தொடர்: 'நெவர் ஹேவ் ஐ எவர்' (நெட்ஃபிளிக்ஸ், 2020-2023). கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப்பெண் தேவி விஸ்வகுமாராக நடித்தவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன், கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். தேவி ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவள், மேலே ஏற ஒரு அழகான பையனைக் காதலனாக்கத் திட்டம் போடுபவள். இரண்டாவது சீசனில் அனீசா என்று இன்னொரு இந்திய வம்சாவளிப் பெண் அதே பள்ளியில் சேர்ந்து, வந்த வேகத்தில் எல்லோருக்கும் பிடித்தவளாகிவிடுகிறாள். தேவி அவளைப் பற்றி வதந்தி ஒன்றைக் கிளப்பிவிடுகிறாள். அனீசா தேவிக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பழுப்பு நிறப் பெண்ணுக்கு ஒரே நாற்காலிதான் போட்டிருக்கிறார்கள் என்று தேவி நம்புகிறாள், அந்த நம்பிக்கையைப் பள்ளிதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. கிரெட்சனின் பயத்துக்கு நம் வீட்டு முகம் வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

குறும்படமோ வெப் சீரிஸோ எழுதுபவர்கள் இந்த வகையில் கை வைக்கும்போது வழக்கமாகச் சறுக்கும் இடங்களையும் சொல்கிறேன். ராணிக்கு ஏன் அதிகாரம் என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். ரெஜினா பெற்றோரின் பெரிய படுக்கையறையைத் தனக்கு வாங்கிக்கொண்டவள் என்ற ஒரு தகவல் வீட்டிலேயே அவளை யாரும் தடுப்பதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. அப்படி ஒன்றாவது வேண்டும். கூட்டத்தின் விதியை ஒரு வரியில் சொல்லக்கூடியதாக வையுங்கள், பிற்பாதியில் அதே விதி போட்டவள் மேலேயே திரும்ப வேண்டும். இரண்டாவது பெண்ணுக்கு ராணி இல்லாத ஒரு காட்சி கட்டாயம், அவள் தனியாக என்ன செய்வாள் என்று எழுத உட்கார்ந்தால்தான் அவள் யார் என்று உங்களுக்கே தெரியும். புதுப்பெண் உள்ளே போனதும் அவளுக்கு அது பிடித்திருக்க வேண்டும். கேடிக்கு ரெஜினாவின் மேஜை நிஜமாகவே இனித்தது, அதனால்தான் அவள் ஜானிஸிடம் பொய் சொன்னபோது நமக்கு வலித்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் 'க்ளூலெஸ்', 'ப்ரிங் இட் ஆன்', 'மீன் கேர்ள்ஸ்' என்று தொடங்கலாம். மூன்றும் அமெரிக்கத் தணிக்கையில் பிஜி-13, அதாவது 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில் பெற்றோருக்கு எச்சரிக்கை. 'மீன் கேர்ள்ஸ்' பார்க்கும்போது கிரெட்சன் இருக்கும் ஃபிரேம்களில் ரெஜினாவை விட்டுவிட்டு அவள் கண் எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். 'எய்ட்த் கிரேட்' ஆர் சான்றிதழ் பெற்றது, அதாவது 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். காரில் ஒரு பையன் கேலாவை வற்புறுத்தும் காட்சி உண்டு என்பதால் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் பெரியவர்கள் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 'ஹெதர்ஸ்' அதுவும் ஆர்தான், கொலையைத் தற்கொலையாக ஜோடிக்கும் கதை, பள்ளியில் வெடிகுண்டு வைக்கும் முயற்சியும் வருகிறது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், சின்னவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டாம்.